ஏலமலைச் சாரலில் விசுவாசமும் நம்பிக்கையும்

நம் பாட்டிமார் காலையில் பாயைச் சுருட்டி வைத்ததும் கிழக்கு நோக்கி நின்று மூன்று மந்திரங்களைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்பன அவற்றின் பெயர்கள். எழுத்தறியாத பாட்டியருக்கும் அவை மனப்பாடம். ஆனால் பேத்தி மறைக்கல்வி வகுப்பில் படிப்பது வேறு. 1995-ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தில், புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பாட்டி விசுவாசம் என்றது அங்கே நம்பிக்கை ஆகியிருக்கிறது. பாட்டி நம்பிக்கை என்றது எதிர்நோக்கு ஆகியிருக்கிறது. "அது நம்பிக்கை இல்லை பாட்டி, எதிர்நோக்கு" என்று பேத்தி திருத்த, "போடி, அறுபது வருஷமாச் சொல்ற மந்திரத்தை நீ மாத்த வந்துட்டியா?" என்று பாட்டி சீற, போடியில் எத்தனையோ வீடுகளில் இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. இரண்டு சொற்களும் வாழட்டும். நம் கருத்தைக் கவர்ந்தது அவற்றோடு ஒட்டிக்கொண்டிருந்த மூன்றாவது சொல். முயற்சி! நம் முன்னோர் விசுவாசத்தை ஓர் உணர்ச்சி என்று சொல்லவில்லை. நம்பிக்கையை ஒரு மனநிலை என்றும் சொல்லவில்லை. முயற்சி என்றார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து, முகம் கழுவி, செய்ய வேண்டிய காரியம் என்று அதை வைத்தார்கள். துன்ப காலத்தில் விசுவாசம் என்றால் என்ன, நம்பிக்கை என்றால் என்ன என்று இந்த ஆண்டு மலரில் எழுதப் புகுந்தபோது, அந்தப் பழைய சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டே நடப்பது என்று தீர்மானித்தோம்.

நம் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பலர் திருமுழுக்குப் பெற்றவர்கள் அல்லர் என்பதை மறந்து இதை எழுதவில்லை. காலை வழிபாட்டில் நம்மோடு கண்மூடி நிற்கும் அந்தச் சகோதரிகளும், வீட்டில் வேறு பெயரால் இறைவனை அழைக்கும் அவர்களுடைய பெற்றோரும் இந்த மலரைப் படிக்கத்தான் போகிறார்கள். துன்பம் வந்தபோது நம்மில் யாரும் தனித்தனியே அழுததில்லை. ஆதலால் இந்தப் பேச்சும் எல்லோருக்கும் பொது.

நம் ஊரின் முயற்சி எப்படிப்பட்டது? விடியுமுன் எழுந்து தெருமுனைக்குப் போனால் தெரியும். சோறு பொங்கித் தூக்குவாளியில் அடைத்து, தலையில் துண்டைக் கட்டி, பழைய சட்டையொன்றைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு நம் அன்னையர் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குப் போய், மாலையில் அதே வழியில் இறங்கி வருவார்கள். தேவாரம், கம்பம் பக்கத்தில் உள்ளவர்களுக்கு வேறு பாதை. ஆனால் தூக்குவாளி ஒன்றுதான்.

ஏலத்தை அறியாத வெளியூர்ப் பெற்றோர் சிலரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறோம். ஏலம் நிழலில் வளரும் பயிர். மேலே பெரிய மரங்கள் நிற்க வேண்டும். வெயில் முழுதாய் விழுந்தால் கருகும், நிழல் முழுதாய் மூடினால் காய்ப்புக் குறையும். மழைக்காலம் தொடங்கும்போது தட்டையைக் குழியில் ஊன்றினால், காய் காண்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை களையெடுப்பும், மருந்தடிப்பும், மழைக்கு முன்னே நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பதும் நடந்துகொண்டே இருக்கும். காய் மேலே தொங்காது. தட்டையின் அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையில் படர்ந்து ஓடும். எனவே குனிந்தோ குந்தியோதான் பறிக்க வேண்டும். எல்லாக் காயும் ஒரே நாளில் பழுக்காது. ஆடி ஆவணியில் தொடங்கினால் தை மாசி வரை, ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். பறித்த காய் ஸ்டோருக்குப் போய்ச் சூட்டில் ஒரு நாள் முழுவதும் உலரும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். பிறகு அது போடிக்கு வந்து, இங்குள்ள கிடங்குகளில் பெண்களின் விரல்களால் பருமன் பார்த்து, நிறம் பார்த்து, வெடித்தது பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டு வெளியூருக்குப் போகிறது. பாயசத்தில் மிதக்கும் ஒரு காய்க்குப் பின்னே எத்தனை குனிதல்கள்!

இதில் நாம் காண வேண்டியது ஒன்று உண்டு. ஊன்றுகிறவளுக்கும் பறிக்கிறவளுக்கும் அந்தத் தோட்டம் சொந்தமில்லை. தோட்டக்காரரின் நம்பிக்கை விலையில் இருக்கிறது. நம் அன்னையரின் நம்பிக்கை நாள் கணக்கில் இருக்கிறது. இந்த மாதம் எத்தனை நாள் வேலை என்பதே அவர்கள் கேட்பது. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. ஏலத் தோட்டங்கள் அழுகின. அடுத்து மழை பிந்தியது. காய் குறைந்ததால் விலை ஏறி, 2019 ஆகஸ்டு 3-ஆம் நாள் புத்தடி ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்கு ஏலம் போனது. அதுவரை யாரும் காணாத விலை! இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அதே காய் ஆயிரம் ரூபாயைச் சுற்றித் தள்ளாடியது. விலை விண்ணுக்கு ஏறியபோது கூலியும் அதே வேகத்தில் ஏறியதா என்று வீட்டுக் கணக்கு எழுதும் பிள்ளைகள் தங்கள் அம்மாவைக் கேட்டுப் பார்க்கட்டும். ஆனால் விலை விழுந்தபோது வேலை நாள் குறைந்தது மட்டும் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

பிறகு 2024 கோடை. மார்ச்சு முதல் மே வரை மலையில் மழை இல்லை. இடுக்கியில் ஏலத்தட்டைகள் நின்ற நிலையில் காய்ந்து சாய்ந்தன. பல ஆண்டுகள் வளர்த்த தோட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு மறுபடியும் குழி தோண்டியவர்களை நாம் அறிவோம். மழை வந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம் இளந்தட்டை ஊன்றியதே. அழுது முடித்துவிட்டு ஊன்றவில்லை, அழுதுகொண்டே ஊன்றினார்கள்.

இந்த இடத்தில் எரேமியா இறைவாக்கினரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாபிலோனியர் எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறார்கள். நகரம் விழப்போகிறது என்று சொன்னவரே அவர்தான். சொன்னதற்காகக் காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் சிற்றப்பன் மகன் வந்து, அனத்தோத்து ஊரில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரியின் பாளயம் கிடக்கும் நாட்டில் நிலம்! பைத்தியக்காரன்தான் வாங்குவான். எரேமியா 17 வெள்ளிக் காசை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி அதை ஒரு மண்பானையில் வைக்கச் சொல்கிறார். அந்த நிலத்தில் அவர் ஒரு கதிர் அறுத்ததாக விவிலியத்தில் எங்கும் நாம் படிக்கவில்லை. கடைசியில் அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இருந்தாலும் பத்திரம் பத்திரமே. நம்பிக்கை முயற்சி என்று பாட்டி சொன்னதற்கு இதைவிட நல்ல விளக்கவுரை வேண்டுமா? "எல்லாம் சரியாகிவிடும்" என்று எரேமியா யாரையும் தேற்றவில்லை. விலை கொடுத்தார், கையெழுத்துப் போட்டார்.

இனி, பேசக் கடினமான ஒன்றைப் பேச வேண்டும்.

2020 மார்ச்சு இறுதி வாரத்தை நம்மில் எவரும் மறக்கவில்லை. கொரோனா நோய்க்காக எல்லைகள் அடைபட்டன. சாலை வழி மூடியதால், மலைமேல் ஏலத்தோட்டங்களில் வேலை செய்த நம் பக்கத்துத் தொழிலாளர் பலர் காட்டுப் பாதையில் இறங்கி வீடு வந்து சேர முயன்றார்கள். மார்ச்சு 24-ஆம் நாள் இராசிங்காபுரத்துக்கு மேலே மலைச்சரிவில் அப்படி இறங்கி வந்த ஒரு கூட்டத்தைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. பெண்களும் ஒரு சிறு குழந்தையும் மாண்டனர். நோய்க்குப் பயந்து வீட்டுக்கு ஓடியவர்களை நோய் தொடவேயில்லை, தீ தொட்டது. அன்று இரவே நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. ஊரெல்லாம் கூடித் துக்கம் கேட்கக்கூட வழியில்லாமல் போயிற்று.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2018 மார்ச்சு 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கினர். பெரும்பாலும் இளைஞர், பெண்கள் பலர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஹெலிகாப்டர் வருமுன் மேலே ஏறிப்போனவர்கள் நம் மலைச்சாரல் மக்கள்தான். போர்வையில் டோலி கட்டி இருட்டில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். டோலியில் கிடந்தவர் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு தீக்குப் பிறகும் நம் காதில் விழுந்த பேச்சு இரண்டு வகை. "அந்த வழியில் ஏன் போனார்கள்?" என்பது ஒன்று. "கடவுள் சித்தம்" என்பது மற்றொன்று. முதல் பேச்சில் பழி இறந்தவர் மேல் விழுகிறது. இரண்டாவதில் பழி கடவுள் மேல் விழுகிறது. இரண்டிலும் நாம் தப்பித்துக்கொள்கிறோம்! பக்தியுள்ளவர்களாகிய நாமே இரண்டாவது பேச்சை அதிகம் பேசுகிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். துக்க வீட்டில் வாய்க்கு எளிதாக வருவது அதுதான். ஆனால் நம் ஆண்டவர் அப்படிப் பேசினாரா? லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்த செய்தி வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். இறந்தவர் மேல் ஏறி நின்று ஞானம் பேசுவதை அவர் அன்றே தடுத்துவிட்டார். பிறகு நின்றவர்களைப் பார்த்து, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். கோபுரம் விழுந்தால் உயிரோடு இருப்பவர்களே மாற வேண்டும் என்பது அதன் பொருளானால், தீ எரிந்த மலையின் கீழே வாழ்கிற நம்மிடம் எத்தனை கேள்விகள் கேட்கப்படுகின்றன!

2004 டிசம்பர் 26-ஐயும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளை ஆழிப்பேரலை அள்ளிக்கொண்டு போயிற்று. கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை என்று அந்நாளில் புதுமையாகப் பேசினார்கள். கோயில் தப்பியதற்கு நன்றி சொல்வது தவறில்லை. ஆனால் அதே அன்னையைக் காண வந்து அலையில் போனவர்களின் தாய்மார் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் அன்றோ? புதுமையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தத் தெரிய வேண்டும்.

அப்படியானால் துன்பத்தில் என்னதான் சொல்வது என்று நம் மாணவியர் கேட்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள், "கோபமா இருக்கும்போது செபிக்கலாமா சிஸ்டர்?" என்று. வகுப்பே சிரித்தது. சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது. இராசிங்காபுரத் தீ எரிந்து மூன்றாம் நாள், 2020 மார்ச்சு 27 மாலை, உரோமையில் புனித பேதுரு சதுக்கம் ஆளின்றிக் கிடக்க, மழையில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நடந்து வந்து உலகத்துக்காகச் செபித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அன்று அவர் தேர்ந்த வாசகம் மாற்கு நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. புயல் அடிக்கிறது, படகில் தண்ணீர் ஏறுகிறது, இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் அவரைத் தட்டி எழுப்பி, நாங்கள் சாகப்போவது பற்றி உமக்குக் கவலையே இல்லையா என்று கத்துகிறார்கள். புகழ்ச்சியோ பணிவோ இல்லாத மன்றாட்டு அது, வெறும் முறையீடு. மாற்கு எழுதியபடி பார்த்தால், ஆண்டவர் முதலில் எழுந்து காற்றை அடக்குகிறார். அதன் பிறகுதான் உங்களுக்கு ஏன் விசுவாசமில்லை என்று கேட்கிறார். திட்டிவிட்டு உதவவில்லை, உதவிவிட்டுக் கேட்டார். இந்த வரிசையைப் பெற்றோரும் ஆசிரியைகளும் கவனிக்க வேண்டும் என்று ஓர் எண்ணம். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போடும் நாளில் நாம் கடைப்பிடிக்கும் வரிசை பெரும்பாலும் வேறு!

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்னது, செபிக்கலாம், கோபமாகவே செபிக்கலாம் என்பதுதான். அப்பா மேல் கோபம் இருந்தால் அப்பாவிடம்தானே சண்டை போடுவோம்? பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் போடுவதில்லை. முறையீடு விசுவாசத்துக்கு எதிரி அல்ல. பேச்சை நிறுத்திக்கொள்வதே எதிரி.

முறையிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதே நம் கருத்து. இங்கே பள்ளியைப் பற்றிச் சில சொற்கள்.

2020 மார்ச்சில் அடைத்த பள்ளிக் கதவு சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தது. பெரிய வகுப்புகள் இடையில் திறந்து, மூடி, மறுபடி திறந்தன. பாடம் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. வீட்டில் ஒரு கைப்பேசி. அதுவும் அண்ணன் கையில். ஜீப்பில் இடம் இருந்தது, தோட்டத்தில் ஆள் தேவை இருந்தது, அரிசிப் பானையில் அடி தெரிந்தது. நம் பிள்ளைகளில் சிலர் அம்மாவோடு மலையேறினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. கடன் கழித்தார்கள், தம்பிக்குச் சோறு போட்டார்கள். ஆனால் கதவு திறந்தபோது எல்லோரும் திரும்பி வரவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பதில் வராமல் நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு கணம் ஆசிரியைகளுக்குத் தெரியும். சிலருக்குத் திருமணம் ஆகிவிட்டது. சிலர் கையில் கூலி புழங்கிப் பழகிவிட்டது. வீடு தேடிப் போனபோது ஒரு தாய் சொன்னார், "எல்லாம் கடவுள் விட்ட வழி சிஸ்டர்."

நாம் அந்தத் தாயிடம் எதிர்த்துப் பேசவில்லை. வரும் வழியில் மட்டும் பேசிக்கொண்டோம். இது கடவுள் விட்ட வழி அல்ல. கடன்காரர் விட்ட வழி. ஒரு கைப்பேசியை மகனுக்கு என்று ஒதுக்கிய வீடு விட்ட வழி. அவள் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகத் தயாராயிருந்த நாமும் விட்ட வழி. மறுபடியும் மூன்று முறை போனோம். அந்தப் பிள்ளை வந்தாள். இன்னொருத்தி வீட்டுக்கு ஐந்து முறை போனோம்; அவள் வரவில்லை. இரண்டையும் எழுதுகிறோம். வெற்றிக் கதையை மட்டும் எழுதினால் மலர் அழகாக இருக்கும், ஆனால் உண்மையாக இராது.

தேர்வு நெருங்கினால் சிற்றாலயத்தில் மெழுகுவத்தி அதிகமாகிறது. மெழுகுவத்திக்கு நாம் பகைவர் அல்லர். முதல் மதிப்பெண் கிடைத்தால் இத்தனை செபமாலை, கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று இறைவனோடு ஏலம் பேசுவதைத்தான் வேண்டாம் என்கிறோம். (போடியில் ஏலத்துக்கு வேறு இடம் இருக்கிறது.) பக்கத்து இருக்கைப் பிள்ளை மூன்று நாளாக வரவில்லையானால் அவளுக்காக ஒரு மெழுகுவத்தி, பிறகு அவள் வீட்டுக்கு ஒரு நடை. கூடவே, அவள் விட்ட பாடத்தை உங்கள் கையெழுத்தில் எழுதிய நோட்டுப் புத்தகம். ஜீப்பில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவது விபத்தில் முடிவதை ஆண்டு தவறாமல் பார்க்கிறோம். அம்மா பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று செபிக்கும் மகள், அந்த வண்டியில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்ற விதியையும் தெரிந்துகொண்டு அம்மாவிடம் சொல்ல வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பேசினால் "இது பள்ளிக்கூட விஷயமா?" என்று கேட்கிறார்கள். தாயை இழந்த பிள்ளை எங்கள் வகுப்பில்தானே வந்து உட்காருகிறாள்? வேறு யாருடைய விஷயம்?

அன்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் பாட்டியின் மூன்றாவது மந்திரம் விடுபடும். 2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். 1895-இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் பெயரால் இரு மாநிலத்தாருக்கும் பகை மூண்டு, எல்லைப் பாதைகள் அடைபட்டன. ஏலத்தோட்டங்களில் இருந்த நம் பெண்கள் மிரட்டலுக்கு அஞ்சிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாக இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கம் இருந்த மலையாளிகளின் கடைகளும் தாக்கப்பட்டன. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸில் மலையின் இரு புறத்துக் கோயில்களிலும் குடில் கட்டினார்கள். ஒரு புறத்தில் தண்ணீர் வர வேண்டும் என்று மன்றாட்டு. மறுபுறத்தில் அணை உடையாதிருக்க வேண்டும் என்று மன்றாட்டு. இறைவன் யார் பக்கம் செவிசாய்ப்பார்? நாம் சொல்ல வல்லோம் அல்லோம். ஆனால் மேலே இருப்பவளுக்கு அணை உடைந்துவிடுமோ என்று உறக்கம் வரவில்லை. கீழே இருப்பவளுக்கு வயல் காய்ந்துவிடுமோ என்று உறக்கம் வரவில்லை. ஒருத்தியின் பயத்தை மற்றொருத்தி ஒரு நிமிடம் தன் பயமாக நினைத்துப் பார்த்தால், அதுவே தேவசிநேக முயற்சிக்குத் தொடக்கம் என்று படுகிறது. மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். அந்த டிசம்பரில் அவர்களோடு மதிய உணவைப் பங்கிட்டவர்கள் யார், விலகி உட்கார்ந்தவர்கள் யார் என்று அன்றைய மாணவியருக்கு நினைவிருக்கும்.

மகிழ்ச்சியான செய்தியும் ஒன்று சொல்வோம். மதுரையிலிருந்து போடிக்கு வந்துகொண்டிருந்த சிறிய ரயிலை 2010-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு நிறுத்தினார்கள், அகலப் பாதை போடுவதற்காக. சீக்கிரம் வரும் என்றார்கள். ஆண்டுகள் போயின. தண்டவாளம் இருந்த தடத்தில் முள் முளைத்தது, ஆடு மேய்ந்தது. இனி வராது என்று சொன்னவர்களே அதிகம். 2022 மே மாதம் தேனி வரை வந்தது. 2023 ஜூன் 15-ஆம் நாள் போடிக்கே வந்துவிட்டது! ரயில் நின்றபோது எல்.கே.ஜி.யில் இருந்த குழந்தை, ரயில் திரும்பி வந்தபோது பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்தாள். அவளுடைய பள்ளிப் பருவம் முழுவதும் ரயில் இல்லாத ஊர். அந்தப் பன்னிரண்டரை ஆண்டும் மனு எழுதியவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். போடியில் ரயில் பாதைக்கு இது முதல் சோதனையும் அன்று. 1928-இல் போட்ட இருப்புப் பாதையை இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்துக்கொண்டு போய், விடுதலைக்குப் பிறகு மறுபடியும் போட்டார்கள் என்பதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முதல் நாள் ரயிலைப் பார்க்க நிலையத்துக்குப் போன கூட்டத்தில், ஏறிப்போக எந்த ஊரும் இல்லாத பாட்டிகளும் நின்றிருந்தார்கள்.

2025-ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடினோம். எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்பது அதன் மையக்கருத்து. 2024 டிசம்பர் 24 இரவு திருத்தந்தை பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் வந்து புனிதக் கதவைத் திறந்தார். 2025 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், இறைவனடி சேர்ந்தார். அதே கதவை 2026 ஜனவரி 6-ஆம் நாள் மூடியவர் அவருக்குப் பின்வந்த திருத்தந்தை பதினான்காம் லியோ. திறந்தவர் மூடுவதற்கு இருக்கவில்லை. இதில் நம் ஊருக்கு வியப்பு ஏதுமில்லை. ஊன்றியவள் ஒருத்தி, பறிப்பவள் வேறொருத்தி என்பது மலையில் வழக்கம்தானே!

இந்த மலர் அச்சுக்குப் போகும் வாரத்தில் மேல்நிலை வகுப்புப் பிள்ளை ஒருத்தி, விடுமுறை நாளில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து எங்களிடம் சொன்னாள். 2024 மழையில் அவள் அம்மா ஊன்றிய வரிசையில், சில தட்டைகளின் அடியில் சரம் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறதாம். "எத்தனை தட்டையில்?" என்று கேட்டோம். "எண்ணல சிஸ்டர். அம்மா எண்ணக் கூடாதுன்னுட்டாங்க. களையைப் பிடுங்குன்னு சொன்னாங்க" என்றாள்.